பாலாற்று மணலும் சென்னைக் கடற்கரையும்

கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பாலாறு பிறக்கிறது. பழைய மைசூர் இராச்சியத்தின் கோலார்ச் சீமையைக் கடந்து, ஆந்திரத்தில் சிறிது தொலைவு சென்று, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைந்து, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலை அடைகிறது. "நடந்து" என்று சொல்வது பொருத்தமே. ஆண்டின் பெரும் பகுதியில் இந்த ஆற்றில் நீர் ஓடுவதில்லை. மக்கள்தாம் மணலில் நடந்து கரையைக் கடக்கிறார்கள். நீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. ஊற்றுத் தோண்டினால் குடிநீர் கிடைக்கும் என்பது ஆற்றோரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம்.

இந்த ஆற்றுக்கும் சென்னை நகரின் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். ஆற்றின் முகத்துவாரம் சென்னைத் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. தொடர்பு நீரில் இல்லை, மணலில் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆறுகள் வெள்ளக் காலத்தில் கடலில் கொண்டுவந்து கொட்டும் மணல், கொட்டிய இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. அலைகள் அதை எடுத்துக் கரையோரமாகவே நடத்திச் செல்கின்றன. சோழமண்டலக் கரையின் கடற்கரைகள் எல்லாம் இவ்வாறு பயணம் செய்யும் மணல் சிறிது காலம் தங்கிச் செல்லும் சத்திரங்கள் என்றே கூறலாம். அந்தப் பயணத்தின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு துறைமுகம் எழுந்தது. அதனால் நகரின் ஒரு பக்கத்துக்கு நாடறிந்த மணற்பரப்பு கிடைத்தது. மறுபக்கம் தெருக்களையும் வீடுகளையும் இழந்தது. இந்த வரவும் இந்தச் செலவும் இன்றுவரை ஒரே ஏட்டில் எழுதப்படவில்லை.

துறைமுகம் இல்லாத துறைமுக நகர்

1639இல் பிரான்சிஸ் டே என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் நாயக்கர்களிடம் நிலம் பெற்றார். அடுத்த ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. வணிகத்துக்கென்று தேர்ந்தெடுத்த அந்த இடத்தில் கப்பல் ஒதுங்குவதற்கு வளைகுடாவும் இல்லை, ஆழமான ஆற்று வாயும் இல்லை. கூவம் ஆண்டில் பல மாதங்கள் மணல் திட்டால் அடைபட்டுக் கிடக்கும். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் பயணிகளும் மசூலா படகுகளில் ஏறி, மூன்று வரிசையாக உடையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். அந்தப் படகின் பலகைகள் இரும்பாணி அடித்துப் பொருத்தியவை அல்ல, கயிற்றால் தைத்தவை. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. கடலை எதிர்த்து நிற்காமல் அதற்கு இணங்கிப் போகும் தொழில்நுட்பம் அது. அதன் மதிப்பு பின்னால் வந்த பொறியாளர்களுக்குத் தெரியாமல் போகவில்லை. ஆனால் கப்பல்கள் பெரியவையாகி வாணிகம் பெருகியபோது அது போதவில்லை.

புயல் காலங்களில் நிலைமை மேலும் மோசம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றிய சில வாரங்களிலேயே, அக்டோபர்ப் புயல் லா பூர்தொன்னேயின் கப்பற்படையைச் சிதறடித்தது. போரில் வென்ற படையைக் கடல் தோற்கடித்தது.

அந்நாளில் கடல் கோட்டை மதிலுக்கு மிக அருகில் இருந்தது. வடக்கே கருப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த பகுதியின் முன்னால் அலை அரித்து வந்ததால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டி ஹாவிலாண்ட் என்னும் இராணுவப் பொறியாளர் அங்கே கற்கரை ஒன்று அமைத்தார். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வட சென்னையின் அரிப்பு முழுவதும் துறைமுகத்தால் வந்தது என்று கூறுவது மிகை. துறைமுகத்துக்கு முன்பே கடல் அங்கே தொல்லை கொடுத்தது. துறைமுகம் அந்தத் தொல்லையை இடைவிடாத இழப்பாக மாற்றியது.

கடலுக்குள் நீட்டிய இரு கைகள்

1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புத் தூண் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதைச் சேதப்படுத்தின. பாலம் போதாது, அடைப்புள்ள துறைமுகமே வேண்டும் என்று முடிவாகி, வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளர் திட்டம் வகுத்தார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரு கைகள் போல இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு, கிழக்கு நோக்கிய வாயிலில் நெருங்கி வரும் அமைப்பு அது. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் சுவர்களின் பெரும் பகுதியைச் சாய்த்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள்.

இரண்டாவது எதிரி புயலை விட அமைதியானது. ஆகவே பிடிவாதமும் அதிகம். தென் கையின் வெளிப்புறத்தில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. கை நீளும் அளவுக்கு மணலும் வளர்ந்து, அதன் முனையைச் சுற்றி வந்து, கிழக்கு வாயிலை அடைக்கத் தொடங்கியது. 1904இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் இதனை நன்கு உணர்ந்தவர். அவர் காலத்தில் கிழக்கு வாயில் மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. 1911 வாக்கில் துறைமுகம் நிலையான வடிவம் பெற்றது. சென்னைக் கரையின் மணற்போக்கைப் பற்றி ஆண்டுக் கணக்கில் அளந்து ஆராய்ந்து அவர் கட்டுரையும் எழுதினார். இந்தியக் கடற்கரையில் மணலின் நடமாட்டத்தைக் கணக்கெடுத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். ஆனால் அவருடைய கவலை துறைமுக வாயிலின் ஆழத்தைப் பற்றியது. வடக்கே மணல் கிடைக்காமல் போகும் ஊர்களைப் பற்றிக் கவலைப்படுவது அவருடைய பதவியின் கடமையாக எழுதப்பட்டிருக்கவில்லை.

மணல் ஏன் தெற்கிலிருந்து வடக்கே போகிறது? சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிலும் அதனை ஒட்டிய மாதங்களிலும் அலைகள் தென்கிழக்கிலிருந்து கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலை ஓரடி வடக்கே தள்ளி வைக்கிறது. நேராக வடியும் நீர் அதனை அப்படியே கீழே இழுக்கிறது. அடுத்த அலை மீண்டும் ஓரடி. வடகிழக்குப் பருவத்தில் இந்தப் போக்குத் திரும்பி மணல் தெற்கே வருகிறது. ஆனால் வடக்கு நோக்கிய மாதங்கள் எட்டு என்றால் தெற்கு நோக்கியவை நான்குதாம். கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பெயரிட்டு அழைக்கிறார்கள். நூல்கள் இதனை எழுதுவதற்கு வெகு காலம் முன்பே கட்டுமரத்தில் இந்த அறிவு இருந்தது.

விலை கொடுக்காமல் வந்த நிலம்

துறைமுகத்தின் தென்புறத்தில் சேர்ந்த மணல்தான் மெரினா. மாநிலக் கல்லூரிக் கட்டடமும் (1870) பல்கலைக் கழகத்தின் செனட் மாளிகையும் (1879) எழுந்த நாளில் கடல் அவற்றுக்கு வெகு அருகில் இருந்தது. 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த இடம். இறக்கிய பனிக்கட்டி உருகுவதற்குள் உள்ளே கொண்டு சேர்க்க வேண்டும் என்பதால், அதனைக் கரையை ஒட்டியே கட்டியிருந்தார்கள். பின்னர் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்ற அக்கட்டடத்தின் வாயிலில் இன்று நிற்பவர், அலையைத் தொட வேண்டுமானால் சாலையைக் கடந்து மணலில் வெகு தூரம் நடக்க வேண்டும். அகலமான இடங்களில் இம்மணற்பரப்பு 400 மீட்டரையும் தாண்டுகிறது.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், புதிதாய் வளர்ந்து வந்த இந்தக் கரையோரமாக 1884இல் உலாச் சாலை அமைத்து, இத்தாலியில் பலெர்மோ நகரின் கடற்கரையை நினைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அதன் பிறகு அந்த மணல் தமிழ்நாட்டின் பொது மன்றமாயிற்று. விடுதலைப் போராட்டக் காலத்தின் பெருங்கூட்டங்கள் திலகர் கட்டத்தில் நடந்தன. 1959இல் உழைப்பாளர் சிலை வந்தது. 1969இல் அண்ணா துயில் கொண்டார். 1977இல் புதிய கலங்கரை விளக்கம் ஒளி வீசத் தொடங்கியது. 2017 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் நாள் கணக்கில் கூடியதும் இங்கேதான். எந்த நகராட்சியும் விலை கொடுத்து வாங்க முடியாத பொதுவிடம் இது. கட்டணம் இல்லை, வாயில் இல்லை.

இதனோடு பம்பாயின் பின்வளைகுடாவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே கடலை நிரப்பி நிலம் எடுக்க 1860களில் நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் பருத்தி விலை சரிந்ததும் அவையும் சரிந்தன. 1920களில் அரசே அந்த வேலையை மேற்கொண்டு பெரும் பொருள் இழந்தது. கே. எஃப். நாரிமன் அதன் ஊழல்களை வெளிப்படுத்தினார். 1926இல் விசாரணைக் குழு அமைந்தது. பம்பாயில் கடலிலிருந்து எடுத்த ஒவ்வோர் அடி நிலத்துக்கும் கணக்குக் கேட்க ஆள் இருந்தது. சென்னையில் கடல் தானே நிலம் கொடுத்தது. இலவசமாக வந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஆகவே அது எங்கிருந்து வந்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

மெரினா முற்றிலும் பூசலற்ற இடமாகவும் இருந்ததில்லை. நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் உலாச் சாலைக்கு முந்தியவை. 1985இல் கடற்கரையை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். மீனவருக்கு மணல், வலை உலர்த்தும் களம்; படகு ஏற்றும் முற்றம்; மீன் விற்கும் அங்காடி. உலா வருபவருக்கு அது காட்சி. இரண்டும் ஒரே மணலில் நடைபெற வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளாத எந்த அழகுத் திட்டமும் அமைதியாக நிறைவேறியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை இந்த மணலைக் கடந்து வந்தபோது, குப்பத்தாரும் உலாவ வந்தவரும் ஒருங்கே மாண்டனர். சென்னையில் அன்று இறந்தோர் இருநூறுக்கும் மேற்பட்டோர்.

வடக்கே எழுதப்பட்ட செலவு

துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம். தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்ட ஊர். அதற்கு அப்பால் காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, பாடல் பெற்ற தலமாகிய திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். இக்கரையில் அலை ஓயவில்லை. மணலை வடக்கே எடுத்துச் செல்லும் வேலையை முன்போலவே செய்தது. ஆனால் எடுத்ததற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் துறைமுகத்தின் மறுபுறம் நின்றுவிட்டது. செலவு தொடர்ந்து வரவு நின்ற குடும்பத்தின் நிலைதான். துறைமுகம் தொடங்கிய 1876 முதல் 1975 வரையிலான நூறாண்டில் வடகரை ஏறத்தாழ 500 மீட்டர் பின்வாங்கியது என்பது ஆய்வாளர் பலர் எடுத்தாளும் கணக்கு. மெரினாவின் அகலத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

கரை பின்வாங்கியது என்று எழுதுவது எளிது. பின்வாங்கியது மணல் மட்டும் அன்று. மீனவர் குடியிருப்புகள் வரிசை வரிசையாகக் கடலுக்குள் போயின. முன் வரிசை போனதும் இரண்டாம் வரிசை முன் வரிசையாயிற்று. துறைமுகத்தை எண்ணூரோடு இணைக்கும் கடலோரச் சாலை பலமுறை உடைந்தது. கட்டுமரம் ஏற்ற மணல் இல்லாத இடத்தில் கட்டுமரத் தொழில் நடைபெற முடியாது. பாறைகளின் மேல் படகை இழுத்தால் அடிப்பலகை தேய்ந்து போகும். கரைவலை இழுக்கவோ கால் பதிக்க இடமில்லை. வீட்டை இழந்தவருக்கு அரசு வேறிடத்தில் வீடு கொடுக்க முடியும். ஆனால் கடலிலிருந்து தொலைவில் கொடுத்த வீட்டில் மீனவன் வெறும் குடியிருப்பவன்.

அரிப்பைத் தடுக்க முதலில் கையாண்ட வழி கல். இராயபுரத்தின் முன்னால் கற்சுவர் எழுந்தது. கல் போட்ட இடம் காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. இல்லாவிட்டால் சாலையும் தெருக்களும் மிஞ்சியிருக்கமாட்டா. ஆனால் சுவருக்குப் பின்னால் அடைபட்ட மணல் அலைக்குக் கிடைக்காததால், அலை சுவரின் வட முனைக்கு அப்பால் சென்று தன் பசியைத் தீர்த்துக்கொண்டது. அங்கே மீண்டும் கல். அதன் வடக்கே மீண்டும் அரிப்பு. இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கற்சுவர் படிப்படியாக நகர்ந்த வரலாறு இதுதான். 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூண்டில் வளைவுகள் எனப்படும் குறுக்குக் கற்கரைகள் இக்கரையில் அமைக்கப்பட்டன. அவற்றின் இடைவெளிகளில் ஓரளவு மணல் தங்கியது, சில குப்பங்களுக்குப் படகு நிறுத்தவும் இடம் கிடைத்தது. மீனவர்களே பல இடங்களில் தூண்டில் வளைவு வேண்டுமென்று போராடிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. மூழ்குபவன் எதைப் பிடித்தாலும் அது நியாயமே. திட்டமிடுவோர் மட்டும் இதனை மறத்தலாகாது: தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை, வந்துகொண்டிருக்கும் மணலில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறது.

எண்ணூருக்கு அப்பால் அதே பாடம் புதிய எழுத்தில் எழுதப்படுகிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. பின்னர் அது காமராசர் துறைமுகம் ஆயிற்று. அதன் வடக்கே காட்டுப்பள்ளியில் 2010களில் இன்னொரு துறைமுகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இரு கைகள். ஒவ்வொன்றின் தெற்கிலும் சேர்க்கை, வடக்கில் குறைவு. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையின்படி நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு மாற்றப்பட்டன. வட சென்னையின் மூச்சுக் காற்று சிறிது தெளிந்தது, தூசி இடம் மாறியது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கரும்பிசுக்கைப் பாறைகளின் இடுக்குகளிலிருந்து வாளி வாளியாக அள்ளியவர்களில் மாணவர்களும் மீனவர்களும் இருந்தனர். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே மெல்லிய மணல் நாக்கு ஒன்றே உள்ளது. அது உடைந்தால் என்னவாகும் என்பது அங்குள்ள குப்பங்களின் அன்றாடக் கவலை.

ஆற்றின் பக்கம்

மணற் கணக்கின் வரவுப் பகுதியும் குறைந்து வருகிறது. இங்கேதான் பாலாறு மீண்டும் வருகிறது. புவியியலாளர் கூறுவதை ஏற்றால், பழம்பாலாறு இன்றைய கொசத்தலையாற்றின் வழியே எண்ணூர் அருகில் கடலில் கலந்தது. கொசத்தலையாற்றுக்கு விருத்தட்சீர நதி, அதாவது முதிய பாலாறு, என்று பெயர் வழங்கியதும் இதனைச் சுட்டுகிறது. அந்நாளில் இந்த ஆற்றின் மணல் வடகரைக்கு நேரே கிடைத்திருக்கும். ஆறு தெற்கே திரும்பிய பின் கடலோரப் பயணமே வழி.

1892இல் மைசூர் அரசும் சென்னை அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் குறிக்கப்பட்ட ஆறுகளில் பாலாறும் ஒன்று. சென்னையின் இசைவின்றி மைசூர் அவற்றில் புதிய பாசன நீர்த்தேக்கங்கள் கட்டலாகாது என்பது அதன் சாரம். காவிரியைப் பற்றிய வழக்குகளில் இந்த ஒப்பந்தம் மிகுதியாகப் பேசப்பட்டது. பாலாற்றைப் பொறுத்தவரை அது ஆவணமாகவே அதிகம் வாழ்ந்தது. ஆந்திரப் பகுதியில் தடுப்பணை பற்றிய பூசல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. மூன்று மாநிலங்களும் நீரைப் பங்கிட வாதாடின. மணலை அந்த ஒப்பந்தமும் பேசவில்லை, பின் வந்த வழக்குகளும் பேசவில்லை. வாலாஜாப்பேட்டைக்கு அருகில் 1858இல் கட்டிய அணைக்கட்டு முதல் பிற்காலத் தடுப்பணைகள் வரை, நீரைத் தடுத்த ஒவ்வொன்றும் சிறிது மணலையும் தடுத்தது. தடுக்காமல் விட்டதைக் கட்டுமானத் தொழிலுக்காக இலாரிகள் அள்ளின. சென்னை வளர்ந்தது பாலாற்று மணலால். கலவையாகச் சுவரில் ஏறிய மணல் கடற்கரைக்கு வராது.

ஆறு தன் மணலை எப்போதாவதுதான் நகர்த்துகிறது. 1903 நவம்பரில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வாணியம்பாடியை வெள்ளம் சூறையாடியது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. இத்தகைய சில நாட்களில் ஆறு செய்யும் வேலையைக் கடல் பல ஆண்டுகள் பங்கிட்டு எடுத்துச் செல்கிறது. வெள்ளத்தை இழப்பாக மட்டும் எழுதும் வருவாய்த் துறை அறிக்கைகளில் இந்த வரவுக்குப் பத்தி இல்லை.

யார் கொடுப்பது?

பொருளியல் நூல்களில் புறவிளைவு என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒருவர் செய்யும் தொழிலின் செலவில் ஒரு பகுதி, அத்தொழிலில் பங்கும் பயனும் இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதே அது. ஆலைப் புகை வழக்கமான எடுத்துக்காட்டு. சென்னைத் துறைமுகத்தை அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்துறைமுகத்தின் வழியே சென்ற தோலும் துணியும் தாதுவும் தானியமும், ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் கூலி, வாடகை, வரி யாவும் செலுத்தின. மணல் இழந்த கரையின் பங்கு மட்டும் அந்தக் கட்டணத்தில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதனை இராயபுரத்துக் குடும்பங்கள் செலுத்தின.

இங்கே பாலாறு இன்னொரு வகையிலும் துணைக்கு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அந்த ஆற்றை மாசுபடுத்தியது பற்றி வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. ஆற்றின் நீரைக் கெடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்றால், அதே ஆற்றின் மணலை நிறுத்தி வைத்தவரும் ஈடு செய்வது முறையே. சட்ட நூலோர் இதில் நுணுக்கங்கள் காட்டலாம். துறைமுகம் குற்றம் செய்யவில்லை; நாட்டுக்கு இன்றியமையாத பணி செய்தது. அதனால் அபராதம் பொருந்தாது. நடப்புச் செலவு என்றே அதனை எழுதலாம்.

அந்தச் செலவு என்ன? மணலைத் துறைமுகத்தின் தெற்கிலிருந்து எடுத்து வடக்கில் சேர்ப்பது. விசாகப்பட்டினத்தில் 1930களில் துறைமுகம் திறந்தபோதே இக்கேள்வி எழுந்தது. பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைத்தடுப்பு அமைத்தார்கள். அங்கே சேரும் மணலைத் தூர்வாரி, வடக்கே நகரின் இராமகிருஷ்ணா கடற்கரைக்கு ஊட்டும் பழக்கம் பின்னர் தொடர்ந்தது. அந்தக் கடற்கரையில் குறை இல்லாமல் இல்லை. ஊட்டுவது தளர்ந்த ஆண்டுகளில் அது மெலிகிறது. ஆனால் கடற்கரை என்ற ஒன்று அங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல் நிலையான குழாய் அமைப்பு ஒன்று ஆற்று வாயைக் கடந்து மணலை இரவில் அனுப்பி வருகிறது. புதுச்சேரியின் அனுபவம் இரு பக்கமும் காட்டுவது. 1980களின் இறுதியில் அங்கே துறைமுகக் கைகள் எழுந்தன. வடிவமைப்பில் மணல் கடத்தும் ஏற்பாடு இருந்தும் அது ஒழுங்காக நடைபெறவில்லை. நகரின் அழகிய கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்து கற்குவியலாயிற்று. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடித்த மூழ்கிய தடுப்பும் மணல் ஊட்டமும் சேர்ந்து, தலைமைச் செயலகத்தின் முன்னால் மீண்டும் மணலைக் கொண்டுவந்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கே முதன்முதலாகக் கடற்கரையைக் கண்டார்கள்.

கல் கொட்டுவதற்கும் மணல் கடத்துவதற்கும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அது பொறியியலைச் சார்ந்ததன்று. கல் மூலதனச் செலவு. ஒரு முறை ஒதுக்கீடு, ஒரு முறை ஒப்பந்தம், ஒரு திறப்பு விழா, ஒரு கல்வெட்டு. மணல் கடத்துவது ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. பற்றாக்குறை வரும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. அலைகளுக்கு நிதியாண்டு இல்லை என்பது மட்டுமே இதில் தொல்லை.

இன்னொரு தடை எல்லைகளைப் பற்றியது. மணல் சேரும் மெரினா மாநகராட்சியின் பொறுப்பு. தடுக்கும் சுவர்கள் மத்திய அரசின் கீழுள்ள துறைமுகத்தினுடையவை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அது சென்னைத் துறைமுக ஆணையம். வடகரையின் கற்கள் மாநில நீர்வளத் துறையினுடையவை. படகுகள் மீன்வளத் துறை, வீடுகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், ஆற்று மணல் கனிமவளத் துறை. கூவத்தின் வாயில் சேரும் திட்டு யாருடையது என்பதற்கு ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையும் ஒரு குழு அமைத்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அந்த ஆற்றில் படகு விடக் கட்டிய துறைகள் நெடுங்காலம் கரையில் நின்றன. முகத்துவாரத்தை மணல் மூடியதால் படகு நிற்கவில்லை.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதி, உயர் அலை எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் தவிர்க்க வலியுறுத்தினார். அதன் வழி வந்ததே 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. 2011லும் 2019லும் அது திருத்தி எழுதப்பட்டது. இந்த அறிவிக்கைகள் யாவும் உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்கின்றன. ஆனால் வட சென்னையில் அந்தக் கோடே நகர்கிறது. நேற்று 500 மீட்டருக்கு அப்பால் இருந்த வீடு இன்று எல்லைக்குள் வந்து, தன் தவறு ஏதுமின்றி ஒழுங்குமுறைக்கு உட்பட்டதாகிறது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட தேசியக் கடலோர ஆய்வு மையம், இந்தியக் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே இது ஒரு நகரின் சிக்கல் மட்டும் அன்று. ஆனால் மணல் சேர்ந்த இடமும் மணல் இழந்த இடமும் இவ்வளவு நெருங்கி, ஒரே மாநகராட்சி எல்லைக்குள் அமைந்த ஊர் அரிது.

நேப்பியர் பாலத்தருகே நிற்கும் மணலுக்கும் திருவொற்றியூர்க் கரைக்கும் இடையே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நகரின் ஒரு பகுதிக்குக் குடிநீரும் இன்னொரு பகுதிக்குக் கழிவுநீரும் இதைவிடத் தொலைவாகக் குழாயில் போய்க்கொண்டிருக்கின்றன. மெரினாவை மெலியச் செய்ய வேண்டியதில்லை. துறைமுகத்தின் தென் கையருகே ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் அளவை மட்டும் எடுத்தால் போதும். அந்த அளவைக் கண்டறியக் கரையை ஆண்டுக்கு இருமுறை, தெண்டி முடியும்போதும் வன்னி முடியும்போதும், அளந்து பதிவு செய்ய வேண்டும். ஸ்பிரிங் தம் காலத்தில் துறைமுக வாயிலுக்காகச் செய்த வேலை அது. அவருடைய ஏடு முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, இந்த முறை வடகரையையும் சேர்த்து அளக்கலாம்.